நாலு பேர் அறிய: டூசான் பயண நாட்குறிப்பு

ஞாயிற்றுக்கிழமை, டூசான்

அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில், இருபத்துமூன்றாம் தெருவில் உள்ள சவுத்சைடு பிரெஸ்பிட்டேரியன் தேவாலயத்தில் இன்று காலை ஆராதனையில் கலந்துகொண்டேன். நாடுகடத்தப்படும் அபாயத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு அமெரிக்கத் திருச்சபைகள் என்னதான் செய்கின்றன என்று நேரில் பார்க்க வந்திருக்கிறேன். அந்தப் பணி இன்றைய வடிவத்தைப் பெற்றது இந்த வளாகத்தில்தான் என்பதால் பயணத்தையும் இங்கேயே தொடங்கினேன்.

1906-இல் தொஹோனோ ஓதம் பழங்குடி மக்களுக்காகத் தொடங்கப்பட்ட சிறிய சபை இது. இப்போதுள்ள ஆராதனை மண்டபம் வட்டமானது. தென்மேற்கு அமெரிக்காவின் பியூப்ளோ பழங்குடியினர் சடங்குகளுக்காகக் கட்டும் 'கிவா' மண்டபத்தை ஒட்டி அமைத்திருக்கிறார்கள். எந்த இருக்கையில் அமர்ந்தாலும் எதிரே மனித முகங்கள் தெரிகின்றன. என்னை அழைத்துவந்தவர் நாகர்கோவிலைச் சேர்ந்த செவிலியர். பல ஆண்டுகளாக இங்கே வசிக்கிறார். அவரை நான் அக்கா என்றே அழைக்கிறேன். "நாங்க கத்தோலிக்கர்தான் தம்பி. ஆனா இந்த வேலையில யாரும் சபை பார்க்கிறதில்லை" என்றார்.

1980 ஜூலையில், மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரிலிருந்து தப்பி வந்த ஒரு கூட்டத்தை ஆள் கடத்துபவர்கள் இந்த ஊருக்கு மேற்கேயுள்ள ஆர்கன் பைப் பாலைவனத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். 13 பேர் தாகத்தில் இறந்தனர். பிழைத்தவர்களைக் கவனித்துக்கொள்ள முன்வந்த டூசான் சபைகளுக்கு, அந்த நாட்டில் நடந்துகொண்டிருந்த கொலைகள் அப்போதுதான் முழுமையாகத் தெரியவந்தன. அந்த அரசுக்கு ஆயுதமும் பணமும் கொடுத்தது அமெரிக்கா. ஆகவே அங்கிருந்து தப்பி வந்தவர்களை அகதிகள் என்று ஒப்புக்கொள்ள வாஷிங்டனுக்கு மனமில்லை. 1984-இல் எல் சால்வடோர், குவாத்தமாலா நாட்டினரின் தஞ்சக் கோரிக்கைகளில் நூற்றுக்கு மூன்று கூட ஏற்கப்படவில்லை.

சபைகள் முதலில் சட்டப்படியே முயன்றன. தடுப்புக் காவலில் இருந்தவர்களுக்கு ஜாமீன் தொகை திரட்டின, வழக்கறிஞர்களை அமர்த்தின, விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தன. வழக்குகள் ஒவ்வொன்றாகத் தோற்றன. 1981-இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜிம் கார்பெட், தத்துவம் படித்துவிட்டுப் பண்ணைத் தொழிலுக்கு வந்தவர், மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கியவர், எல்லையைக் கடக்க அகதிகளுக்குத் தானே வழிகாட்டத் தொடங்கினார். சவுத்சைடின் போதகர் ஜான் ஃபைஃப் அவர்களைத் தேவாலயத்தில் தங்கவைத்தார். இதை நிறுத்தாவிட்டால் வழக்குப் பாயும் என்ற எச்சரிக்கை வந்தபோது சபையினர் கூடிப் பேசி எடுத்த முடிவுதான் என்னை இந்த ஊருக்கு இழுத்தது. அதுவரை ஓசையில்லாமல் செய்துவந்ததை இனி ஊரறியச் செய்வது என்று தீர்மானித்தார்கள். குடியேற்றச் சட்டத்தின் பிரிவு ஒன்றை நாங்கள் மீறப்போகிறோம் என்று அமெரிக்காவின் தலைமை அரசு வழக்கறிஞருக்கே ஃபைஃப் கடிதம் எழுதினார். 1982 மார்ச் 24 அன்று, எல் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ திருப்பலி நிறைவேற்றும்போது சுட்டுக் கொல்லப்பட்டதன் இரண்டாம் நினைவு நாளில், இதே வளாகத்தின் வாசலில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் ஓர் அகதிக்கு அடைக்கலம் அறிவிக்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பகுதிச் சபைகளும் அதே நாளில் சேர்ந்துகொண்டன. அடுத்த சில ஆண்டுகளில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான தேவாலயங்களும் யூத ஆலயங்களும் இணைந்தன.

சட்டத்தில் தேவாலயச் சுவருக்குத் தனிக் காப்பு எதுவும் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. அதிகாரிகள் நினைத்திருந்தால் அன்றைக்கே நுழைந்திருக்கலாம். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, அந்தப் பார்வையை மீறுவதற்கு அரசு தயங்கியது. அந்தத் தயக்கத்துக்குள்தான் ஆயிரக்கணக்கான உயிர்கள் ஒதுங்க இடம் கிடைத்தது.

ஆராதனை முடிந்ததும், 2014-இல் ஒரு தாய் தங்கியிருந்த சிறு அறையிருக்கும் பக்கத்தைக் காட்டினார்கள். வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்தவர் அவர். கணவரும் இரண்டு சிறுவர்களும் இருந்தனர். ஒரு சாதாரணப் போக்குவரத்துச் சோதனையில் சிக்கி, அதிலிருந்து நாடுகடத்தல் உத்தரவு வரை இழுக்கப்பட்டார். ஆகஸ்ட் 7 அன்று இந்த வளாகத்துக்குள் வந்தவர், 2015 நவம்பர் 11 வரை, 461 நாட்கள், வாசலைத் தாண்டவில்லை. மகன்கள் பேஸ்பால் ஆடுவதைப் பார்க்கக்கூட அவரால் போக முடியவில்லை. அந்தக் காலம் முழுவதும் 'நாங்கள் அவரோடு நிற்கிறோம்' என்று எழுதிய பலகைகள் டூசான் முழுக்க வீட்டு முற்றங்களில் நட்டுவைக்கப்பட்டிருந்தன. கடைசியில் அவருடைய வழக்கறிஞர்கள் அரசுடன் வெளியில் சொல்லப்படாத ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவர் வீட்டுக்கு நடந்து போனார். உத்தரவு ரத்தாகவில்லை, ஆனால் யாரும் அவரைத் தேடி வரவுமில்லை.

திங்கட்கிழமை, டூசான்

காலை ஏழு மணிக்கு, நகர மையத்தில் ஓர் அரசு அலுவலகத்துக்கு எதிர்ப்புற நடைபாதையில் நின்றோம். நாடுகடத்தல் உத்தரவோ நடந்துகொண்டிருக்கும் வழக்கோ உள்ளவர்கள் குறிப்பிட்ட நாட்களில் அதிகாரி முன் வந்து கையெழுத்திட வேண்டும். முன்பு ஆண்டுக்கு ஒருமுறை அழைக்கப்பட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பியவர்கள் பலர். இப்போது போனவர் திரும்புவாரா என்பது உறுதியில்லை. அதனால் சபைகளிலிருந்து இருவர் அல்லது மூவர் துணைக்குப் போகிறார்கள். இன்றைய துணைவர்கள் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர், யூத ஆலயத்தைச் சேர்ந்த மருந்தாளர் ஒருவர், அக்கா, அவர்களோடு நான்.

வந்தது ஒரு தாயும் அவருடைய இரண்டு பிள்ளைகளும். அடையாளம் தெரியும்படி எதையும் எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆசிரியை அந்தத் தாயிடம் முதலில் கேட்டு வாங்கியது கார் சாவி. அடுத்து வீட்டுச் சாவி. பிறகு கைப்பேசி. உள்ளே போனவரைப் பிடித்துவைத்துவிட்டால், தெருவில் நிற்கும் காரை வண்டி வைத்து இழுத்துச் சென்றுவிடுவார்கள்; அதை மீட்க நாளுக்கு நாள் அபராதம் ஏறும்; வீட்டுக்குள் இருக்கும் மருந்தையோ பிள்ளையின் பள்ளிப் பையையோ யாரும் எடுக்க முடியாமல் போகும். இப்படி ஒரு குடும்பம் தவித்ததைப் பார்த்த பிறகே சாவி வாங்கும் வழக்கம் வந்ததாம். சாவிகளை ஒரு சிறு உறையில் போட்டு, ஒட்டி, அதன்மேல் அந்தத் தாயின் முதலெழுத்தையும் தேதியையும் எழுதி, ஆசிரியை தன் கழுத்துப் பையில் வைத்துக்கொண்டார். தாயின் கையில் ஒரு கோப்பு மட்டும் இருந்தது. அதில் வாடகை ரசீதுகள், வரி கட்டிய தாள்கள், பிள்ளைகளின் மதிப்பெண் அட்டைகள், தடுப்பூசி அட்டைகள், பங்குத் தந்தை எழுதிய கடிதம், வழக்கறிஞரின் எண் எல்லாம் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

இந்த நாட்டில் கொலை வழக்கில் நிற்பவருக்கும் பணமில்லையென்றால் அரசே ஒரு வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும். நாடுகடத்தல் வழக்கு உரிமையியல் வழக்காகக் கருதப்படுவதால் அந்த உரிமை இல்லை. எட்டு வயதுக் குழந்தையானாலும் தனக்கான வழக்கறிஞரைத் தானே தேடிக்கொள்ள வேண்டும். துணைக்கு வரும் சபையினருக்குச் சட்டப்படி பேச இடமில்லை. அவர்கள் பார்க்கிறார்கள், பெயர்களைக் குறிக்கிறார்கள், யாராவது அழைத்துச் செல்லப்பட்டால் உடனே வழக்கறிஞருக்கும் வீட்டுக்கும் சொல்கிறார்கள். 2025 மே மாதத்திலிருந்து பல நகரங்களில் குடியேற்ற நீதிமன்றத்தின் தாழ்வாரத்திலேயே கைதுகள் நடக்கின்றன. அரசுத் தரப்பு வழக்கைத் தள்ளுபடி செய்யக் கோருகிறது; வழக்கு முடிந்துவிட்டதென்று நிம்மதியோடு வெளியே வருபவரை வாசலில் பிடித்து, நீதிபதியே இல்லாத விரைவு வெளியேற்ற முறைக்கு மாற்றுகிறார்கள். தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டு மகிழ வேண்டாம், மேல்முறையீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று நீதிபதியிடம் சொல்லுங்கள் என்பதை இந்தத் துணைவர்கள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து அந்தத் தாய் வெளியே வந்தார். அடுத்த மாதமே மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆசிரியை உறையைக் கிழித்துச் சாவிகளைக் கொடுத்துவிட்டு, அதே நடைபாதையில் நின்றபடி அடுத்த தேதியைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை, நோகாலஸ்

டூசானிலிருந்து தெற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் நோகாலஸ். ஒரே பெயரில் இரண்டு ஊர்கள். நடுவே இரும்புத் தூண்களால் ஆன உயர்ந்த சுவர் குன்றுகளின் மேல் ஏறி இறங்குகிறது. அமெரிக்கப் பக்கத்தில் அதன்மேல் முள்கம்பிச் சுருள்களும் சுற்றப்பட்டிருக்கின்றன. நடந்தே மெக்சிகோவுக்குள் போனோம். போவதற்கு யாரும் எதுவும் கேட்கவில்லை.

மரிப்போசா எல்லை வாயிலுக்கு அருகே கீனோ எல்லை முன்முயற்சி என்ற அமைப்பின் கட்டடம் இருக்கிறது. அமெரிக்க, மெக்சிகோ இயேசு சபையினரும், நற்கருணை மறைப்பணிச் சகோதரிகளும், எல்லையின் இருபுறத்து மறைமாவட்டங்களும் சேர்ந்து 2009-இல் தொடங்கிய பணி இது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாலைநிலத்தில் குதிரையில் அலைந்து ஆலயங்கள் எழுப்பிய இயேசு சபைத் துறவி எவுசேபியோ கீனோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். நாடுகடத்தப்பட்டு வாயிலுக்கு வெளியே விடப்படுபவர்கள் முதலில் வந்து சேரும் இடங்களில் ஒன்று இதன் உணவுக்கூடம்.

உணவுக்கூடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அவித்த பயறு, சோறு, சோள ரொட்டி. வந்தவர்களில் பலருடைய காலணிகளில் கயிறு இல்லை. தடுப்புக் காவலில் உருவி எடுத்துவிடுகிறார்கள். உடைமைகள் ஒரு பிளாஸ்டிக் பையில். உள்ளே எடுத்துக்கொள்ளப்பட்ட ரொக்கம் சிலருக்கு அமெரிக்கக் காசோலையாகத் திரும்பி வருகிறது, அதை மெக்சிகோவில் மாற்ற வழியில்லை என்று இங்குள்ள தொண்டர்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவருகிறார்கள். சகோதரி ஒருவர் ஒவ்வொரு மேசையாகப் போய் வீட்டுக்குப் பேச வேண்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

என் மேசையில் இருந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கூரை போடும் தொழிலாளி. பிள்ளைகள் மூவரும் பீனிக்ஸில் பிறந்தவர்கள். அவருக்கு ஸ்பானிய மொழியைவிட ஆங்கிலம் எளிதாக வந்தது. கைப்பேசியை வாங்கி மனைவியிடம் அவர் பேசியது முழுக்க நடைமுறை விஷயங்கள்: வண்டித் தவணை எந்தத் தேதி, முதலாளி தர வேண்டிய பாக்கி எவ்வளவு, தண்ணீர் சூடாக்கும் கருவியின் எந்தக் குமிழைத் திருப்ப வேண்டும். 1996-இல் வந்த சட்டத்தின்படி, ஓராண்டுக்கு மேல் அனுமதியின்றித் தங்கி வெளியேறியவர் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்குத் திரும்பி வர முடியாது. நாடுகடத்தப்பட்ட பின் மறுபடி எல்லை தாண்டினால் அது சிறைக் குற்றம். அவருடைய கடைசி மகளுக்கு ஒன்பது வயது. பத்து ஆண்டுகள் என்பது அவளுடைய பள்ளிக் காலத்தை முழுவதுமாக விழுங்கிவிடும்.

அகதிகளுக்கு உதவியதற்காக ஃபைஃப் உள்ளிட்டோர் மீது எண்பதுகளில் நடந்த சவுத்சைடு வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவரான அருள்தந்தை ரமோன் கின்யோனஸ் இந்த ஊரின் குவாடலூப்பே மாதா ஆலயத்தில்தான் பங்குத் தந்தையாக இருந்தார். திரும்பி வரும்போது எல்லையில் வரிசையில் காத்து நின்றோம். என் கடவுச்சீட்டை அதிகாரி புரட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். கூரை வேலை செய்தவர் முப்பது ஆண்டு வாழ்ந்த நாட்டுக்குள், முதல்முறை வந்த நான் அவரை விட்டுவிட்டு நுழைந்தேன். நெடுநேரம் காரில் யாரும் பேசவில்லை.

புதன்கிழமை, டூசான்

இன்று வெளியே போகவில்லை. அந்த வழக்கைப் பற்றிப் படித்தேன், எழுதினேன்.

சவுத்சைடில் பைபிள் வகுப்புக்கும் கூட்டங்களுக்கும் வந்து அமர்ந்தவர்களில் அரசின் உளவாளிகள் இருந்தார்கள். உடலில் ஒலிப்பதிவுக் கருவி கட்டிக்கொண்டு வந்து ஜெபங்களையும் பாடல்களையும் சேர்த்தே பதிவு செய்தார்கள். 1985 ஜனவரியில் 16 பேர் மீது குற்றச்சாட்டு பதிவானது. பதினொருவர் விசாரணையில் நின்றனர். எல் சால்வடோரில் என்ன நடக்கிறது, சர்வதேச அகதிச் சட்டம் என்ன சொல்கிறது, தங்கள் மதநம்பிக்கை எதைக் கட்டளையிடுகிறது என்பதைப் பற்றிச் சான்றுரைக்க நீதிபதி இடம் தரவில்லை. 1986 மே 1 அன்று எட்டுப் பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. ஃபைஃப் அவர்களில் ஒருவர். கார்பெட் விடுவிக்கப்பட்டார். ஒருவரும் சிறைக்கு அனுப்பப்படவில்லை. எல்லோருக்கும் நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டுமே. தண்டிக்கப்பட்ட ஃபைஃபை 1992-இல் அவருடைய திருச்சபை தேசிய அளவில் தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

இரண்டு பின்விளைவுகள் அந்தத் தண்டனையைவிடப் பெரியவை. அமெரிக்க பாப்டிஸ்ட் சபைகளின் தலைமையில் தொடுத்த வழக்கில் 1991-இல் அரசு சமரசத்துக்கு வந்து, மறுக்கப்பட்ட எல் சால்வடோர், குவாத்தமாலா நாட்டினரின் கோரிக்கைகளைப் புதிதாக விசாரிக்க ஒப்புக்கொண்டது. உளவு பார்க்கப்பட்ட நான்கு அரிசோனா சபைகள் தனியாக ஒரு வழக்குப் போட்டன. உளவாளிகள் வந்தார்கள் என்று தெரிந்த பிறகு மக்கள் ஆராதனைக்கு வரவே அஞ்சுகிறார்கள், அது எங்களுக்கு நேர்ந்த இழப்பு என்பது அவர்களுடைய வாதம். அந்த இழப்புக்காக வழக்காடும் தகுதி சபைகளுக்கு உண்டு என்று 1989-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது.

அந்த இயக்கத்துக்குள்ளேயே ஒரு கருத்து வேறுபாடு இருந்தது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்க அயலுறவுக் கொள்கையை எதிர்த்துச் சாட்சி சொல்லக்கூடிய அகதிகளுக்கே முன்னுரிமை என்று சிகாகோ குழுவினர் நினைத்தார்கள். கதவைத் தட்டுபவரிடம் அரசியல் கேட்கக் கூடாது என்றது டூசான். டூசான்தான் சரி என்பது என் எண்ணம். ஒருவருடைய கதை நமக்குப் பயன்படுமா என்று எடைபோடத் தொடங்கினால், வீடு சுத்தம் செய்த அந்தத் தாய்க்கும் கூரை போட்ட தந்தைக்கும் எந்த ஆலயத்திலும் இடம் கிடைத்திருக்காது.

வியாழக்கிழமை, டூசான்

மாலையில் ஒரு சபையின் உணவு மண்டபத்தில் 'தாள் வேலை' நடந்தது. அக்கா அதை அப்படித்தான் சொல்கிறார். எட்டு மேசைகள், ஒவ்வொன்றிலும் ஸ்பானியம் தெரிந்த ஒரு தொண்டரும் ஒரு குடும்பமும். ஒரு மூலையில் கையெழுத்தைச் சான்றளிக்கும் நோட்டரி அலுவலர் மூவர்.

பெற்றோர் பிடிபட்டால் பிள்ளையைப் பள்ளியிலிருந்து யார் அழைத்து வருவது, மருத்துவமனையில் யார் கையெழுத்துப் போடுவது என்பதற்கு முன்கூட்டியே அதிகாரப் பத்திரம் எழுதிவைக்கலாம். அரிசோனா சட்டப்படி அதன் ஆயுள் ஆறு மாதம். அதன்பின் புதிதாக எழுத வேண்டும். அதனால் ஒவ்வொரு குடும்பத்தின் தேதியும் சபையின் ஏட்டில் இருக்கிறது; காலாவதியாகும் முன்பே அழைத்துச் சொல்கிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அமெரிக்கக் கடவுச்சீட்டு எடுத்துவைப்பது இன்னொரு அவசர வேலை. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தாயும் தந்தையும் சேர்ந்து சம்மதிக்க வேண்டும். ஒருவர் காவலில் அடைபட்டுவிட்டால் அந்தச் சம்மதத்தை வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

நான் உட்கார்ந்த மேசையில் ஓர் இளம் தம்பதி. பிள்ளையைப் பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் யார் பெயர் என்று தொண்டர் கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உறவினர் எல்லோருக்கும் இதே நிலைமைதான். யாருக்கும் குடியுரிமை இல்லை. பக்கத்து மேசையில் காப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெண்மணி, அந்தக் குழந்தையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை, தன் ஓட்டுநர் உரிமத்தை எடுத்து மேசைமேல் வைத்து, "என் பெயரை எழுதுங்கள், என் கணவரிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன்" என்றார். நோட்டரி முத்திரை குத்தினார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்குள் அந்தப் பெண்மணி வேறொரு குடும்பத்துக்கும் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் பழைய குடியிருப்புப் பகுதியிலுள்ள எல் திராதித்தோ என்ற இடத்தில் நின்றோம். இடிந்த மண்சுவர், அதன் முன் மெழுகுவர்த்திகள். திருச்சபையின் புனிதக் கல்லறை மண்ணில் இடம் மறுக்கப்பட்டுப் புதைக்கப்பட்ட ஒரு பாவியின் நினைவிடம் என்பது ஊர் வழக்கு. பாலைவனத்தில் இறந்தவர்களுக்காகப் பல ஆண்டுகளாக இங்கே ஜெபம் சொல்கிறார்கள். தெற்கு அரிசோனாவில் 2000-க்குப் பின் கிடைத்த உடல்கள் மட்டும் நாலாயிரத்துக்கும் மேல். நாடுகடத்தப்பட்ட தந்தையர் பிள்ளைகளிடம் திரும்ப நடப்பதும் அந்தப் பாலைவனத்தின் வழியாகத்தான்.

வெள்ளிக்கிழமை, எலோய்

டூசானுக்கும் பீனிக்ஸுக்கும் நடுவே பருத்திக் காடுகளுக்கிடையில் இருக்கிறது எலோய். தனியார் நிறுவனம் நடத்தும் தடுப்பு மையம் அங்கே 1994 முதல் இயங்குகிறது. எந்த ஊரிலிருந்தும் பிடிக்கப்பட்டவரை இங்கே கொண்டுவந்து அடைக்கலாம் என்பதால், காவலில் இருக்கும் பலருக்கு இந்த மாநிலத்தில் ஓர் உறவுகூட இல்லை. சபைகளிலிருந்து பார்வையாளர்கள் முறைவைத்து வருவது அதற்காகத்தான். அக்காவும் ஒரு மெனோனைட் சபை முதியவரும் உள்ளே போனார்கள். அனுமதிப் பட்டியலில் பெயரில்லாத நான் வாகன நிறுத்தத்தில் காத்திருந்தேன்.

திரும்பி வந்த அக்கா சொன்னது இது: அவர் பார்த்த பெண்ணுக்கு வழக்கறிஞர் இல்லை, ஜாமீன் விசாரணை அடுத்த வாரம், ஊரில் அவருக்கு வேர் இருக்கிறது என்று காட்ட நாற்பது பேரிடமிருந்து கடிதம் வேண்டும் என்று முதியவர் கணக்குப் போட்டிருக்கிறார். காரில் வரும்போதே மூன்று சபைகளின் செயலாளர்களை அழைத்தார். ஜாமீன் கிடைத்தால் தொகையைச் சபைகளின் பொது நிதி கட்டும்; வழக்கு முடிந்து அந்தத் தொகை திரும்பி வந்தால் அடுத்தவருக்குப் போகும்.

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஒன்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். 2017-இல் கலிஃபோர்னியா எல்லையைத் தாண்டிச் சுமார் இருபத்தைந்து கஜ தூரத்தில் பிடிபட்ட ஈழத் தமிழ் விவசாயி ஒருவர், ஊரில் தன்னை வேனில் கடத்திச் சென்று அடித்தார்கள் என்று சொல்லித் தஞ்சம் கேட்டார். அடித்தார்கள் என்பதை அதிகாரி நம்பினார், ஆனால் தஞ்சம் கோரத் தகுந்த அச்சம் அவருக்கு இருப்பதாக ஏற்கவில்லை. விரைவு வெளியேற்ற முறையில் எடுத்த அந்த முடிவை நீதிமன்றம் ஆராய வேண்டும் என்று அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 ஜூனில் அவருக்கு எதிராக முடிந்தது. எல்லையில் நிற்கும் ஒருவருக்கு நீதிமன்றக் கதவு எவ்வளவு திறக்கும் என்பதற்கு இன்று மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு ஒரு தமிழருடையது.

சனிக்கிழமை, டூசான்

2011 முதல், தேவாலயம், பள்ளி, மருத்துவமனை ஆகிய இடங்களில் கைது நடவடிக்கையைத் தவிர்க்க வேண்டும் என்ற உள்துறை வழிகாட்டுதல் இருந்தது. 2025 ஜனவரியில் புதிய அரசு பதவியேற்றதும் அது விலக்கப்பட்டது. குவேக்கர் சபைகள் மேரிலாந்து நீதிமன்றத்துக்குப் போயின; மக்கள் வழிபாட்டுக்கு வரவே அஞ்சுகிறார்கள் என்று, நாற்பது ஆண்டுகளுக்கு முன் அரிசோனா சபைகள் சொன்ன அதே வாதத்தை வைத்தன. பாப்டிஸ்ட் கூட்டமைப்பு ஒன்றும் சாக்ரமென்டோ சீக்கியக் குருத்வாரா ஒன்றும் சேர்ந்துகொண்டன. பிப்ரவரியில் இடைக்காலத் தடை கிடைத்தது, ஆனால் வழக்குத் தொடுத்தவர்களின் வழிபாட்டிடங்களுக்கு மட்டும். இருபத்தேழு சமய அமைப்புகள் வேறொரு நீதிமன்றத்தில் கேட்ட தடை மறுக்கப்பட்டது. அதே பிப்ரவரியில்தான் 104 இந்தியர்களை விலங்கிட்டு ஏற்றிய ராணுவ விமானம் அமிர்தசரஸில் இறங்கியது. சீக்கியர்கள் வழக்குக்கு முன்வந்திருக்கும்போது, அமெரிக்காவிலுள்ள நம் கோயில்களும் தமிழ்ச் சங்கங்களும் இதை யாருடைய பிரச்சினையாகவோ பார்ப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. அன்னதானக் கூடமும் சமையல்காரரும் வாகன நிறுத்தமும் நம்மிடமும் இருக்கின்றன.

இன்றைய பயிற்சி ஒரு லூத்தரன் சபையில். ஆராதனைக் கூடம் எல்லோரும் வரலாம் என்ற பொது இடம். அலுவலகம், சமையலறை, ஞாயிறு பள்ளி அறைகள் தனி இடம் என்று கதவுகளில் அறிவிப்பு ஒட்டினார்கள். தனி இடத்துக்குள் நுழைய நீதிபதி கையெழுத்திட்ட ஆணை வேண்டும். குடியேற்றத் துறை அதிகாரியே கையெழுத்திடும் ஆணை அதற்குப் போதாது. இரண்டின் நகலையும் அருகருகே வைத்து, மேலே நீதிமன்றத்தின் பெயர் இருக்கிறதா, கீழே கையெழுத்துப் போட்டவர் யார் என்று பார்க்கப் பழக்கினார்கள். வாசலில் அதிகாரியிடம் பேசுபவர் ஒருவர், காணொளி எடுப்பவர் ஒருவர், பிள்ளைகளோடு உள்ளே இருப்பவர் ஒருவர் எனப் பொறுப்பு பிரித்தார்கள். ஓடக் கூடாது, மறிக்கக் கூடாது, பொய் சொல்லக் கூடாது என்பதைப் பலமுறை வலியுறுத்தினார்கள்.

1982-இல் அகதி முகத்தை மூடிக்கொண்டு கேமராக்களின் முன் அமர்ந்தார். இப்போது எந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது என்பதைச் சபைகள் யாரிடமும் சொல்வதில்லை. பகிரங்கமாக நிற்பது இன்று உதவுபவர்களின் வேலையாகிவிட்டது: பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள், அலுவலக வாசலில் முகம் காட்டி நிற்கிறார்கள், வழக்கில் வாதியாகிறார்கள். இழக்க வேலையும் வயதும் குறைவாக உள்ள ஓய்வு பெற்றவர்களே முன்வரிசையில் அதிகம். அவர்களில் பலர் இளமையில் சவுத்சைடு வழக்கைப் பார்த்தவர்கள்.

பயிற்சி முடிந்து அடுத்த வாரத் துணைப் பட்டியலை மேசையில் வைத்தார்கள். திங்கட்கிழமை காலைக்கு மூவர் தேவை, இருவர் பெயர்தான் இருந்தது. என் விமானம் செவ்வாய்க்கிழமை. அக்கா பேனாவை என் பக்கம் நகர்த்தினார், எழுதினேன். ஏழே காலுக்கு அங்கே இருக்க வேண்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டும், வருகிற குடும்பம் முதலில் சாவியைத் தரும், உறையில் தேதி எழுத மறக்கக் கூடாது என்று ஆசிரியை சொல்லிக் கொடுத்தார்.